சைவத்துக்கு மாறியும் கொலஸ்ட்ரால் ஏறியது ஏன்?

கேள்வி: வயது 54. ஆறு மாதமாகக் கறி, மீன், முட்டை தொடுவதில்லை. கொலஸ்ட்ராலுக்குப் போட்டுவந்த ஸ்டாட்டின் மாத்திரை கல்லீரலைக் கெடுக்கும் என்று ஒரு வீடியோவில் பார்த்து அதையும் விட்டுவிட்டேன். ஆனாலும் 98 இருந்த எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 151 ஆகிவிட்டது. சிஆர்பி என்ற ரத்தப் பரிசோதனை 4.8, உடம்பில் அழற்சி என்கிறார்கள். புற்றுநோயாக இருக்குமோ? முடி கொட்டுகிறது. ஸ்கந்தாஸ்ரமப் படி ஏறினால் நெஞ்சில் வாயு பிடிக்கிறது, நின்றால் விட்டுவிடுகிறது. என் அண்ணன் 49 வயதில் மாரடைப்பில் போய்விட்டார்.
- வாசகி, அம்மாபேட்டை, சேலம்

பதில்: அம்மா, முடி கொட்டுவதற்கு அப்புறம் எழுதியிருக்கிறீர்களே, அந்த 'வாயு'தான் எனக்குக் கவலை. வாயுத் தொல்லை சாப்பாட்டை ஒட்டி வரும். ஏறினால் நெஞ்சு இறுகி, நின்றால் விடுகிறது என்றால், இல்லை என்று நிரூபணம் ஆகும்வரை அதை இதய வலியாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆஞ்சைனா என்போம். அண்ணன் 49 வயதில் இறந்திருப்பதால் உங்களுக்கு இன்னும் அவசரம்.

நாளைக்கே ஒரு இதய மருத்துவரைப் பாருங்கள். சேலம் அரசு மருத்துவமனைக்கும் போகலாம். ஈசிஜி நார்மல் என்றால் அதோடு திரும்பி வந்துவிடாதீர்கள். ஏறும்போது மட்டும் வரும் ரத்த ஓட்டக் குறை, படுக்கவைத்து எடுக்கும் ஈசிஜியில் தெரியாமலே போகலாம். டிரெட்மில் போன்ற அடுத்த பரிசோதனை தேவையா என்று வாய்விட்டுக் கேளுங்கள். அதுவரை மலை ஏற வேண்டாம், முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார். சும்மா இருக்கும்போதே இறுக்கம் வந்தாலோ, நின்றும் விடாவிட்டாலோ, கூடவே வியர்த்துக் கொட்டினாலோ 108-ஐ அழையுங்கள். சோடா குடித்து ஏப்பம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பது வேண்டாம்.

சரி, கொலஸ்ட்ரால். 98 என்பது மாத்திரையோடு இருந்த கணக்கு. மாத்திரை தொடங்குவதற்கு முன் 174 என்று நீங்கள் அனுப்பிய பழைய ரிப்போர்ட்டில் இருக்கிறது. இப்போது மாத்திரை இல்லாமல் 151. அந்த 23 சாப்பாட்டு மாற்றத்தின் பலன், சுமார் 13 சதவீதம். நல்ல குறைவுதான். பயறு, ஓட்ஸ், வெண்டைக்காயில் உள்ள கரையும் நார் குடலில் பித்த அமிலத்தைப் பிடித்துக்கொண்டு வெளியேறும். புதிதாகப் பித்தம் செய்யக் கல்லீரல் ரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை இழுக்கும். 2003-இல் டொராண்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் குழு பாதாம், சோயா, பார்லி, வெண்டைக்காய், தாவர ஸ்டெரால் சேர்த்த மார்ஜரின் என்று கொடுத்து ஒரே மாதத்தில் எல்டிஎல்லை 28 சதவீதத்துக்கு மேல் குறைத்துக் காட்டியது. ஆனால் அது திட்டம் போட்டுக் கொடுத்த சாப்பாடு. நீங்கள் அனுப்பிய சாப்பாட்டுப் பட்டியலில் இருப்பது இரண்டு வேளை வெள்ளைச் சோறு, சாயங்காலம் தட்டுவடை செட், பொரித்த ஜவ்வரிசி வடாம், பேக்கரி பப்ஸ். இதுவும் சைவம்தான், ஆனால் இதனால் எல்டிஎல் இறங்காது. பப்ஸையும் வடாமையும் விட்டு அந்த இடத்தில் சுண்டல் வையுங்கள்.

ஸ்டாட்டின் பொதுவாக 30 முதல் 50 சதவீதம் வரை இறக்கும். உங்கள் வீட்டு வரலாற்றுக்குச் சாப்பாடு மட்டும் போதாது. எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் பேசி மீண்டும் தொடங்குங்கள். தசை வலித்தால் அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம். வேடிக்கை என்னவென்றால், கல்லீரலுக்குப் பயந்து மாத்திரையை விட்ட நீங்கள் மஞ்சளும் மிளகுச் சத்தும் அடைத்த கேப்சூலை தினமும் விழுங்குகிறீர்கள். அந்த வகைக் கேப்சூலால்தான் சிலருக்குக் கல்லீரல் அழற்சியே வந்திருக்கிறது. இன்றே நிறுத்துங்கள்.

சிஆர்பி 4.8-ஐ வைத்துப் புற்றுநோய் என்று யாரும் சொல்ல முடியாது. ரத்தம் கொடுத்த வாரம் ஈறு வீங்கியிருந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்; அது போதும் இந்த எண் ஏற. பல் மருத்துவரைப் பார்த்துவிட்டு, வீக்கம் வற்றி இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுங்கள். காய்கறிச் சாப்பாடு இதையும் கொஞ்சம் குறைக்கும், உடல் எடை குறைந்தால் இன்னும் குறையும்.

முடிக்கு இரும்புச்சத்தும் தைராய்டும் பார்த்தால் போதும், அவசரமில்லை. முட்டையையும் விட்டுவிட்டதால் பி12-ஐயும் கூடவே பார்த்துவிடுங்கள். இதய மருத்துவரிடம் போகும்போது பழைய ரிப்போர்ட்டுகளோடு அந்தக் கேப்சூல் டப்பாவையும் எடுத்துப்போய்க் காட்டுங்கள்.