அப்பா ஏன் திருவிருந்துக்கு எழுந்து போகவில்லை?

கேள்வி இது: "கிறிஸ்தவ விசுவாசத்தை வாழ்ந்து காட்டணும்னு சொல்றாங்களே, நடைமுறையில அது என்ன? கோயிலுக்குப் போறது, பைபிள் வாசிக்கிறது, ஜெபிக்கிறது போதாதா?"

நான் போதகரும் இல்லை, இறையியல் படித்தவனும் இல்லை. தூத்துக்குடி மாவட்டத்தின் தெற்கே, தேரிக்காட்டை ஒட்டிய ஒரு சிற்றூரில் பலசரக்குக் கடை வைத்திருந்தவரின் மகன். இப்போது சென்னையில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். எனக்குத் தெரிந்த பதில் எங்கள் கடையிலும் வயலிலும் நடந்ததுதான்.

எலெக்ட்ரானிக் தராசு வருவதற்கு முந்திய காலம். அப்பாவிடம் இரும்பு எடைக்கற்கள் இருந்தன. ஒவ்வொன்றின் குழியிலும் ஈயம் ஊற்றி, அதில் அரசாங்க முத்திரை குத்தியிருக்கும். கடைச் சுவரில் பழைய காலண்டர் அட்டை ஒன்று: "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது, சுமுத்திரையான நிறைகல்லோ அவருக்குப் பிரியம்." நீதிமொழிகள் 11:1. சிறுவனாக இருந்தபோது, இந்த முத்திரை குத்துகிற ஆபீசரைப் பற்றித்தான் சாலொமோன் எழுதியிருக்கிறார் என்றே நம்பினேன். அப்பா கருப்பட்டியை நிறுக்கும்போது எடைக்கல் தட்டிலும் ஒரு காலி ஓலைப்பெட்டியை வைப்பார். பெட்டியின் எடைக்கு ஆளிடம் காசு வாங்கக்கூடாதாம். ஊரில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள், ஆனால் சாமான் வாங்க எங்கள் கடைக்குத்தான் வருவார்கள்.

இப்படிப்பட்டவர் சித்தப்பாவோடு ஏழு வருஷம் பேசவில்லை. வயலுக்கு நடுவே போகும் வரப்பு, அதன் மேல் நின்ற இரண்டு பனை, அவ்வளவுதான் விவகாரம். பனைகள் எங்கள் பக்கம் என்று அப்பாவும், தன் பக்கம் என்று சித்தப்பாவும். தாத்தா கை காட்டிப் பிரித்துக் கொடுத்த நிலம். பத்திரத்தில் எல்லை தெளிவாக இல்லை. பனையேறி நிலத்துக்காரர் பங்காகக் கொடுக்கும் கருப்பட்டி எங்கள் கடைக்கு வந்துகொண்டிருந்தது.

எங்கள் கோயிலில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து, அதாவது இயேசுவின் நினைவாக அப்பமும் திராட்சரசமும் வாங்கும் ஆராதனை. எல்லாரும் வரிசையாக எழுந்துபோய் பலிபீடத்துக்கு முன்னால் முழங்கால்படியிடுவார்கள். அப்பா மட்டும் பாயை விட்டு எழுந்திருக்கமாட்டார். காலில் வலி என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஏழாம் வகுப்புப் படிக்கும்போது அம்மாவிடம் கேட்டேன். "மத்தேயு அஞ்சுல இருபத்துமூணு வாசிச்சுப் பாரு மக்கா" என்றாள். பலிபீடத்தில் காணிக்கை செலுத்த வந்தவன், "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று" நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாக வேண்டும் என்கிற வசனம். சித்தப்பாவோ மாதம் தவறாமல் எழுந்துபோய் வாங்கிக்கொண்டிருந்தார். அது எனக்கு ரொம்ப அநியாயமாகப் பட்டது.

அந்த வசனத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 'அவன்மேல் உனக்குக் குறை இருந்தால்' என்று இயேசு சொல்லவில்லை. உன்மேல் அவனுக்குக் குறை இருந்தால் என்கிறார். யார் பக்கம் நியாயம் என்கிற பேச்சே அங்கே எடுபடாது. அப்பா ஏழு வருஷமும் நியாயம் தன் பக்கம் என்ற உறுதியோடுதான் பாயில் உட்கார்ந்திருந்தார். ஈஸ்டருக்கு முந்திய தவக்காலமான லெந்து காலம் ஒன்றில், குடும்ப ஜெபத்தில் என் முறை வந்தபோது நான் வேண்டுமென்றே இந்த அதிகாரத்தை எடுத்து வாசித்தேன். (இப்போது நினைத்தால் அது கொழுப்பு.) அப்பா ஒன்றும் பேசவில்லை. மறுவாரம் தாலுகா ஆபீசுக்குப் போய், நிலத்தை அளக்கப் பணம் கட்டிவிட்டு வந்தார்.

சர்வேயர் சங்கிலி பிடித்து அளந்து கல் நட்டார். இரண்டு பனையும் சித்தப்பா பக்கம்.

அன்று இரவு அப்பா கடைப் பேரேட்டை எடுத்துவைத்துக்கொண்டு ஏழு வருஷக் கணக்கை எழுதினார். எந்தப் பருவத்தில் எத்தனை கிலோ கருப்பட்டி, அன்றைய விலை என்ன என்று ஒவ்வொரு வரியாக. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "சகேயு நாலத்தனையாக் குடுத்தான், நீங்க ஒருமடங்குதான் எழுதுதீய" என்று கேலி செய்தாள். (அநியாயமாக வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்று இயேசுவிடம் சொன்ன பணக்கார வரிவசூல்காரன் சகேயு.) அப்பா சிரிக்கவில்லை. "அவன் பணக்காரன்" என்றார்.

பணத்தை மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தார், நானும் கூடப் போனேன். கட்டிப்பிடித்து அழுவார்கள் என்று எதிர்பார்த்தேன். சித்தப்பா நோட்டுகளை இரண்டு தடவை எண்ணி இடுப்பில் செருகிக்கொண்டு, "சரி" என்றார். சித்தி மட்டும் கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்தாள். அடுத்த முதல் ஞாயிறு அப்பா எழுந்துபோய் முழங்கால்படியிட்டார். சித்தப்பா அன்றைக்குக் கோயிலுக்கே வரவில்லை. அவர்கள் சரளமாகப் பேச ஆரம்பிக்க மேலும் இரண்டு வருஷம் ஆயிற்று.

கோயிலும் ஜெபமும் போதாதா என்ற கேள்விக்கு வருகிறேன். வீட்டில் ஜெபம் நடக்காமல் இருந்திருந்தால் அந்த வசனம் அப்பா காதில் விழுந்திருக்காது. அதனால் அவற்றைக் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் வசனம் காதில் விழுந்ததற்கும் பேரேட்டைத் திறந்ததற்கும் நடுவே ஒரு தூரம் இருக்கிறது. நீங்கள் கேட்கும் 'வாழ்ந்து காட்டுவது' அந்தத் தூரத்தில்தான் கிடக்கிறது என்பது என் எண்ணம். ஜெபித்தால் கார் வரும், வீடு வரும் என்கிற பிரசங்கங்களில் இந்தத் தூரம் வருவதே இல்லை. எங்கள் வீட்டில் ஜெபித்ததில் இரண்டு பனை போயிற்று.

இதைவிடக் கடினமான ஒன்று உண்டு. தானம் கொடுப்பது எங்கள் ஊர்களுக்குப் பழகிப்போன காரியம். சோறு பொங்கும்போது ஒரு கைப்பிடி அரிசியை ஊழியத்துக்கென்று தனியே எடுத்துவைத்த ஆச்சிகள் இருந்தார்கள். திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் 1903-ல் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கி, நிஜாம் ராஜ்யத்திலிருந்த தோர்னக்கல் வரைக்கும் சொந்தச் செலவில் ஊழியர்களை அனுப்பினார்கள். அதில் முன்நின்றவர் வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1912-ல் இந்தியாவின் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயரானவர். 1910-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் வெள்ளைக்கார மிஷனரிகளை முன்னால் வைத்துக்கொண்டே அவர் பேசினார். ஏழைகளுக்கு உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உங்கள் உடலையே கொடுத்தீர்கள், அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்றார். கொடுக்கிற கை பக்கத்தில் வந்து உட்கார மறுக்கிறது என்பதுதான் அவர் முறையீடு.

அந்தக் கேள்வியை நமக்குள்ளும் கேட்க வேண்டும். சபைக்குள் சாதி வேறுபாட்டை உடனே விட்டுவிட வேண்டும் என்று கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் உத்தரவிட்டது 1833-ல். அதை ஏற்காமல் தஞ்சாவூரில் பலர் சபையை விட்டே விலகினார்கள். ஏறக்குறைய இரு நூற்றாண்டு ஆகிவிட்டது. இன்றும் தமிழ்நாட்டில் சில ஊர்களில் கல்லறைத் தோட்டம்கூட இரண்டாகத்தான் இருக்கிறது. எங்கள் ஊர்க் கோயிலில் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் அசன விருந்தில் ஒரே கொப்பரைச் சோறு, ஒரே பந்தி. பெண் கொடுப்பது எடுப்பது என்று வந்தால் பந்தி வேறாகிவிடும்.

பெரிதாகப் பேசுகிறேனே தவிர, நானும் அப்படித்தான். போன மாதம் தங்கைக்கு வரன் பார்க்க இணையத்தில் படிவம் நிரப்பினேன். சபை என்ற இடத்தில் சபை, சாதி என்ற இடத்தில் சாதி, 'வேறு சாதியும் சம்மதமா' என்ற இடத்தில் 'இல்லை'. கை தன்னால் போயிற்று, அரை நிமிஷம்கூட யோசிக்கவில்லை. தங்கை பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "அண்ணா, அந்த 'இல்லை'யை எடுத்துரலாமா?" என்று கேட்டாள்.

அப்பாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். இன்னும் கேட்கவில்லை.