அவளுக்குப் பெயர் இருந்தது

அன்புள்ள ஐயா,

நான் கனடாவில் ஸ்காபரோவில் வசிக்கிறேன். சென்ற மாதம் ஒட்டாவாவில் ஒரு கண்காட்சியில் பழைய வடதுருவப் படம் ஒன்றைப் பார்த்தேன். பனிவீட்டுக்குள் ஒரு தாயும் குழந்தையும். கீழே ‘எஸ்கிமோ பெண், 1950’ என்று மட்டும் போட்டிருந்தார்கள். அவளை வைத்து ஒரு சிறுகதை எழுதுகிறேன். அவளுக்குப் பொருத்தமான பெயர் ஒன்று வேண்டும். பெயர்ப் பட்டியல் எங்காவது கிடைக்குமா? எஸ்கிமோ என்று எழுதலாமா, இனுயிட் என்றுதான் எழுதவேண்டுமா? படத்தை செல்போனில் எடுத்துவந்து, செயற்கை நுண்ணறிவு மூலம் வண்ணம் ஏற்றி இணைத்திருக்கிறேன்.

ச.

அன்புள்ள ச.,

இனுயிட் என்றே எழுதுங்கள், அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்ளும் சொல் அதுதான். வண்ணப்படத்தைப் பார்த்தேன். அழித்துவிடுங்கள். அவள் மேலாடையில் தைத்திருக்கும் மணிகள் என்ன நிறம் என்று அந்த இயந்திரத்துக்குத் தெரியாது.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். அவளுக்கு நீங்கள் பெயர் வைக்க வேண்டியதில்லை. அவளுக்குப் பெயர் இருந்தது. அதை யாரும் எழுதிவைக்கவில்லை, அவ்வளவுதான். இரண்டும் ஒன்றல்ல. இதைக்கூட யோசிக்காமல் பட்டியலில் பெயர் தேடுகிறீர்களே என்று முதலில் கோபம்தான் வந்தது.

அந்த மக்களுக்கு ஏற்கெனவே ஒருமுறை வெளியிலிருந்து பெயர் வைத்துப் பார்த்தார்கள். அவர்களிடம் குடும்பப்பெயர் கிடையாது, அவர்கள் பெயர் வெள்ளை அதிகாரிகளின் வாயில் நுழையவில்லை. அதனால் கனடா அரசு 1941 முதல் ஆளுக்கொரு எண் கொடுத்தது. நாணயம்போல ஒரு சிறு வில்லை, அதில் கிரீடம், கிழக்குப் பகுதி என்றால் ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்து, மேற்கென்றால் ‘டபிள்யூ’, பின்னால் இலக்கங்கள். கழுத்தில் கட்டிக்கொள்ள வேண்டும். ஏப் ஒக்பிக் என்ற இனுயிட் தலைவர் 1960-களின் இறுதியில் ஊர் ஊராகப் போய்க் குடும்பப்பெயர்களைப் பதிவுசெய்த பிறகே அந்த வில்லைகள் கழன்றன. இதே காலத்தில் காசநோய் வேறு. 1950-களின் நடுவில் இனுயிட் மக்களில் ஏறக்குறைய ஏழில் ஒருவர் தெற்கே மருத்துவமனைகளில் கிடந்தார்கள். திரும்பி வராதவர்களை எங்கே புதைத்தார்கள் என்று பல குடும்பங்களுக்குப் பல பத்தாண்டுகள் தெரியவில்லை. அப்படி ஒரு வீட்டுக்குப் பழைய படம் என்றால் என்ன என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

2002-ல் கனடாவின் தேசிய ஆவணக் காப்பகத்தில் ‘ப்ராஜெக்ட் நேமிங்’ என்று ஒரு வேலை தொடங்கியது, பழைய படங்களில் பெயரில்லாமல் நிற்கும் இனுயிட் மக்களுக்கு அவர்கள் பெயரைக் கண்டுபிடிக்கும் வேலை. ரிச்சர்ட் ஹாரிங்டன் என்பவர் 1950-ஐ ஒட்டி இக்லூலிக், பாட்லே போன்ற இடங்களில் எடுத்த படங்கள், சுமார் 500. காரிபூ மான்கள் வராமல் பாட்லேயில் ஜனம் பட்டினியில் செத்தபோது அங்கே இருந்தவர் அவர். ஒட்டாவாவில் படித்த, கனடாவின் வடகோடியில் உள்ள நுனாவுட் பகுதி இளைஞர்கள் அந்தப் படங்களை மடிக்கணினியில் ஏற்றிக்கொண்டு தங்கள் ஊர்களுக்குப் போய்ப் பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து காட்டினார்கள். பெயர்கள் வரத் தொடங்கின.

எப்படி வரும் என்பதைத்தான் உங்களுக்குச் சொல்ல நினைத்தேன். முகத்தை மட்டும் பார்த்தா சொல்வார்கள்? பிள்ளையைச் சுமக்கும் அமௌட்டி என்ற மேலாடை இருக்கிறதே, அதன் முக்காட்டின் வெட்டும் பின்தொங்கலின் நீளமும் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும். மணிக்கோவை தைத்தவளின் கையைச் சொல்லும். பின்னால் தெரியும் குன்று எந்த முகாம் என்று காட்டிக்கொடுக்கும்.

இன்னொன்றும் உண்டு. அங்கே இறந்தவரின் பெயரைப் பிறக்கும் பிள்ளைக்கு வைப்பார்கள். அந்தப் பெயரோடு உறவும் கூடவே வரும். ஆண் பெயர், பெண் பெயர் என்ற பிரிவும் கிடையாது. அதனால் ஒரு கிழவி படத்திலிருக்கும் சிறுமியைக் காட்டி ‘இது என் அப்பா’ என்று சொல்லலாம். கிழவிக்குப் புத்தி தடுமாறுகிறது என்று அங்கேயே குறிப்பை மூடிவிடுகிறவனுக்கு எதுவும் கிடைக்காது.

நமக்கு இது புரியவேண்டும். பேரன் என்றால் பெயரன். தாத்தாவின் பெயரைத்தான் எனக்கு வைத்தார்கள். என் அப்பத்தா ஒருநாளும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. புருஷன் பெயரை எப்படிச் சொல்வாள்? நான் அவளுக்குச் சாகும்வரை ‘ராசா’தான்.

எங்கள் வீட்டு நடையில் ஒரு கல்யாணப் படம் மாட்டியிருந்தது. எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது அப்பத்தா அதைக் கீழே இறக்கி, முந்தானையால் துடைத்து, ஒவ்வொருவராகச் சொன்னாள். தாத்தா வந்தபோது மோவாயை மட்டும் நீட்டி ‘இவுக’ என்றாள். ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு, இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி நிற்பாள். முகம் ஆடிப்போயிருக்கும். பின்கொசுவத்தைப் பார்த்துவிட்டு அப்பத்தா ‘இவ நம்ம ஊர்க்காரி இல்ல, கெழக்க இருந்து வந்தவ’ என்றாள். மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வெளியே கூட்டாளிகள் கூப்பிட்டார்கள், நான் ஓடிவிட்டேன். அப்பத்தா போய் நாற்பது வருடமாகிறது. போன வாரம் அலமாரியைத் துடைத்தபோது அந்தப் படம் கைக்கு வந்தது. அந்தப் பெண் யார் என்று சொல்ல இன்று யாரும் இல்லை. இரண்டு நிமிடம் உட்கார்ந்திருக்கலாம்.

உங்கள் படத்துப் பெண்ணின் இடுப்பிலோ முதுகிலோ இருந்த அந்தக் குழந்தைக்கு 1950-ல் ஒரு வயது என்றால், இப்போது எழுபத்தைந்தைத் தாண்டியிருக்கும். உயிரோடு இருக்கலாம். நீங்கள் இருப்பதோ அதே நாட்டில். கதை எங்கும் போகாது, கொஞ்சம் நிற்கட்டும்.

காப்பகத்துப் படங்களுக்கு ஓர் எண் இருக்கும், விளக்கத்துக்குக் கீழே சின்ன எழுத்தில். அதைக் குறித்துக்கொண்டு வந்தீர்களா?

அன்புடன்.