கம்போடியால இருக்கற அங்கோர் வாட்டுக்கு தனியா போறேன், பேக்கேஜ் எடுக்கலாமா?

கேள்வி: சார், வயசு 64, கும்பகோணம் பக்கம், ஹிஸ்டரி டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவ. இரண்டாம் சூர்யவர்மன்னு எத்தனையோ வருஷம் போர்டுல எழுதிப் போட்டாச்சு, அவன் கட்டின கோயிலை ஒரு தடவ நேர்ல பாத்துடணும். வீட்டுக்காரர் இல்ல, பசங்களுக்கு லீவு இல்லயாம், அதான் தனியாவே கெளம்பறேன். ட்ராவல்ஸ்ல நாலு நைட் பேக்கேஜ் 1,05,000, தனி ஆள்ங்கறதால மேல 28,000-ங்கறாங்க. நியாயமா? சுகர், பிபி இருக்கு, இன்சூரன்ஸ்ல அத சொன்னா பிரீமியம் ஏறும், சொல்லாதீங்கங்கறார் ஏஜென்ட்.

பதில்: டீச்சர், கடைசி விஷயத்துக்கு மொதல்ல வரேன். கண்டிப்பா சொல்லிடுங்க. மறைச்சு பாலிசி எடுத்துட்டு அங்க சுகர் எறங்கி அட்மிட் ஆனா, பழைய ரெக்கார்ட தோண்டி எடுத்து கிளெய்மே இல்லன்னுடுவாங்க, அப்போ அந்த ஏஜென்ட் போன எடுப்பாரான்னு பாருங்க. சொல்லி எடுத்தாலும் பழைய வியாதிக்கு எவ்ளோ தருவாங்கன்னு படிங்க, பல பாலிசில உயிருக்கு ஆபத்துன்னாதான் கவர். சீரியஸ் கேஸ பாங்காக் வரைக்கும் தூக்கிட்டுப் போவாங்க, அந்தச் செலவும் பாலிசில இருக்கணும்.

28,000 ஏமாத்துன்னு சொல்ல முடியாது, பேக்கேஜ் ரேட்டு எப்பவுமே ரெண்டு பேர் ஒரு ரூம்னு போடறது, இன்னொருத்தர் பங்கும் உங்க தலைல விழுது. ஆனா நாலு நைட்டுக்குப் பிரிச்சா நைட்டுக்கு 7,000 எக்ஸ்ட்ரா, கோயிலுக்குப் பக்கத்து ஊரான சியம் ரீப்ல முழு ரூமே அதவிட கம்மிக்கு நல்லதா கெடைக்கும். அதனால பேக்கேஜ் வேணாம், டிக்கெட்ட மட்டும் அந்த ஏஜென்ட்கிட்ட போடுங்க, சென்னைலேந்து சியம் ரீப் வரைக்கும் ஒரே பிஎன்ஆர்ல, அதாவது ஒரே புக்கிங்ல. தனித்தனியா போட்டா பாங்காக்ல ஒரு ஏர்போர்ட்ல எறங்கி இன்னொண்ணுக்கு பெட்டியோட ஓடற கதையும் உண்டு. தாய்லாந்துலேந்து பஸ்ல போலாம்னு யாராவது சொன்னா வேணாம், 2025-ல தாய்லாந்துக்கும் கம்போடியாவுக்கும் சண்டை வந்து பார்டரையே மூடினாங்க. சியம் ரீப் ஏர்போர்ட்டும் 2023-ல ஊருக்கு வெளில ரொம்ப தூரம் போயிடுச்சு, ஹோட்டல்லயே பிக்கப் கேட்டுக்குங்க.

விசாவுக்கு கூகுள்ல மொதல்ல வர்றத அழுத்திடாதீங்க, அரசு சைட் மாதிரியே வேஷம் போட்டு டபுள் காசு புடுங்கறவங்க இருக்காங்க, அட்ரஸ் டாட் ஜிஓவி டாட் கேஹெச்னு (.gov.kh) முடியணும். அங்க போய் எறங்கறதுக்கு முன்னாடி ஆன்லைன்ல நெரப்பற இ-அரைவல் கார்டு ஃப்ரீ, அதுக்கு யார் காசு கேட்டாலும் குடுக்காதீங்க.

கோயில் பாஸ் ஒரு நாளைக்கு 37 டாலர், மூணு நாளைக்கு 62. மூணு நாள் பாஸ்தான் வாங்கணும், பத்து நாளுக்குள்ள எந்த மூணு நாள்னாலும் போலாம், நடுவுல ஒரு நாள் முட்டிக்கு ரெஸ்ட் குடுக்கலாம். பேக்கேஜ்காரங்க பெரும்பாலும் ஒரு நாள் பாஸ்ல ஓட்டிடுவாங்க. டாலர் நோட்டு கிழிசல் இல்லாம புதுசா கேட்டு வாங்குங்க, ஓரம் லேசா கிழிஞ்சிருந்தாலே அங்க கடைக்காரன் திருப்பி நீட்டுவான்.

நம்மூர் மாதிரி இல்லாம கோயில் மேற்க பாத்து இருக்கறது உங்களுக்குத் தெரியும், அதனால சூரியோதயம் பாக்க கூட்டத்தோட காலைல அஞ்சு மணிக்கே போய் நிக்கறதவிட மதியத்துக்கு மேல போனா முகப்பு பளிச்சுனு இருக்கும். மேல் அடுக்குப் படி செங்குத்து, முடியலன்னா விட்டுடுங்க. கீழ கிழக்குப் பக்க சுவர்ல பாற்கடல் கடையற சிற்பம் 49 மீட்டர் நீளத்துக்கு ஓடுது, அங்க ஒரு மணி நேரம் தாராளமா நிக்கலாம். மாத்திரைய மட்டும் டாக்டர் சீட்டோட ஹேண்ட்பேக்ல வச்சுக்குங்க, பெட்டில போடாதீங்க.