பழைய ஃபிலிம் கேமராவை வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?

கேள்வி: பரணில் கிடந்த பழைய 35 மி.மீ. எஸ்எல்ஆர் கேமரா ஒன்று கைக்கு வந்திருக்கிறது. வெளிச்சத்தை அளக்கும் மீட்டரின் முள் அசையவில்லை. மெதுவான வேகங்களில் ஷட்டர் மாட்டிக்கொள்கிறது. எடுத்துப் பார்த்த கலர் ரோலில் படங்களின் ஓரத்தில் ஆரஞ்சுப் பட்டை விழுந்திருக்கிறது. வீட்டிலேயே பார்க்கலாமா, மெக்கானிக்கிடம்தான் போக வேண்டுமா?

பதில்:

முக்கால்வாசியை வீட்டிலேயே பார்க்கலாம். நீங்கள் சொன்ன மூன்றுமே தேய்மானத்தைவிடச் சும்மா கிடந்ததால் வரும் கோளாறுகள். பேட்டரித் தகடு அரித்திருக்கும், கிரீஸ் இறுகியிருக்கும், கதவோரத்து நுரைப்பஞ்சு மக்கியிருக்கும். இதில் முதலுக்கும் கடைசிக்கும் மேல்மூடியைத் திறக்கவே தேவையில்லை. அதனால் ஸ்க்ரூ டிரைவரைக் கொஞ்சம் தள்ளியே வையுங்கள்.

பேட்டரியிலிருந்து ஆரம்பிப்போம். பேட்டரி மூடியைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பொரிந்து கிடந்தால் பழைய பேட்டரி ஒழுகியிருக்கிறது. அல்கலைன் பேட்டரியில் ஒழுகுவது காரம் என்பதால், பஞ்சுக்குச்சியில் துளி வினிகர் தொட்டுத் தேய்த்தால் நுரைத்துக்கொண்டு கரையும். அப்புறம் ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிட்டு, தகடு பளிச்சென்று தெரியும்வரை பென்சில் ரப்பரால் தேயுங்கள். மூடியின் உட்பக்கத்தையும் அதன் மரையையும் விட்டுவிடாதீர்கள். நிறைய மாடல்களில் மின்சாரம் அந்த மரை வழியாகத்தான் கேமராவின் உடம்புக்குப் போகிறது. அதில் படிந்த அழுக்கே முள்ளை முடக்கிவிடும். இவ்வளவுக்குப் பிறகும் அசைவில்லை என்றால், தகட்டிலிருந்து போகும் கம்பி உள்ளே அரித்து அறுந்திருக்கலாம். அதற்கு அடிமூடியைத் திறந்து சால்டர் வைக்க வேண்டும்.

முள் அசைந்துவிட்டாலும் உடனே நம்பிவிடாதீர்கள். 1960-70களில் வந்த பல கேமராக்கள் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்யப்பட்டவை. பிஎக்ஸ்625 அப்படி ஒன்று. பாதரசம் விஷம் என்பதால் அவை விற்பனையில் இல்லாமல் போயின. அந்த இடத்தில் 1.5 வோல்ட் அல்கலைனைப் போட்டால், பல கேமராக்களில் மீட்டர் இருப்பதைவிட வெளிச்சம் அதிகம் என்று காட்டும், படம் இருட்டாகும். போதாததற்கு, அல்கலைனின் வோல்ட்டேஜ் நாளாக ஆகக் குறைந்துகொண்டே வரும் என்பதால் பிழையும் ஒரே அளவில் நிற்காது. காது கேட்கும் கருவிக்குப் போடும் 675 ஜிங்க்-ஏர் பேட்டரி 1.4 வோல்ட். சுற்றி ஒரு வளையம் வைத்துப் பொருத்தினால் கணக்கு சரியாக வரும், ஆனால் சில வாரங்களிலேயே தீர்ந்துவிடும். பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக் மாதிரி பிரிட்ஜ் சர்க்யூட் உள்ளவற்றுக்கு இந்தத் தலைவலியே இல்லை. வோல்ட்டேஜ் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் அளவு மாறாது.

இன்னொன்று. பென்டாக்ஸ் கே1000, நிக்கான் எஃப்எம், ஒலிம்பஸ் ஓஎம்-1 போன்றவற்றில் பேட்டரி மீட்டருக்கு மட்டும்தான், ஷட்டர் முழுக்க இயந்திரம். கேனன் ஏஇ-1 அப்படியில்லை, பேட்டரி இல்லாமல் ஷட்டர் அடிக்கவே அடிக்காது. நல்ல ஏஇ-1 கேமராவைப் பேட்டரி போடாமல் அழுத்திப் பார்த்துவிட்டுச் செத்துப்போச்சு என்று ஒதுக்கியவர்கள் உண்டு.

சரி, ஆரஞ்சுப் பட்டைக்கு வருவோம். இது ஸ்கேன் செய்த படத்தில் சரியாகப் பிடிபடாது, நெகட்டிவையே வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நெகட்டிவில் அந்தப் பட்டை கறுப்பாக இருக்கும். அது படத்தின் சட்டத்தைத் தாண்டி, பக்கத்துத் துளைகள் இருக்கும் ஓரம்வரை ஓடுகிறதா? அப்படியானால் வெளிச்சம் பின்கதவு வழியாகப் புகுகிறது. சட்டத்துக்குள்ளேயே வெட்டினாற்போல் நிற்கிறதா? அப்படியானால் சந்தேகம் ஷட்டர் திரையின் மேலோ லென்ஸ் பக்கத்தின் மேலோ போகும். துணித்திரையில் ஊசிமுனை ஓட்டை விழுந்திருந்தால் படத்துக்குப் படம் ஒரே இடத்தில் புள்ளி வரும். நிறமும் ஒரு துப்புதான். கலர் ஃபிலிமில் சிவப்பை வாங்கும் அடுக்கு அடியில், ஃபிலிமின் பின்பக்கப் பிளாஸ்டிக்கான பேஸை ஒட்டி இருக்கிறது. பின்னாலிருந்து வரும் வெளிச்சம் முதலில் அதைத்தான் தொடும். அதனால் உங்கள் ஆரஞ்சுப் பட்டைக்குப் பெரும்பாலும் பின்கதவுதான் காரணம் என்பேன்.

கதவில் எந்தப் பக்கம் என்பதையும் படமே சொல்லும். லென்ஸ் காட்சியைத் தலைகீழாக்கி விழவைக்கிறது. ஆகவே படத்தின் மேல்விளிம்பில் பட்டை இருந்தால் ஓட்டை கேமராவின் கீழ்ப்பக்கம். படத்தின் இடது ஓரத்தில் இருந்தால், கேமராவைப் பின்னாலிருந்து பார்க்கும்போது வலது பக்கம். பெரும்பாலான எஸ்எல்ஆர்களில் கதவின் கீல் அந்தப் பக்கம்தான். அகலமான பஞ்சு இருப்பதும் அங்கேதான், முதலில் மக்குவதும் அதுதான்.

பின்கதவைத் திறந்து அந்தப் பஞ்சை ஒரு பல்குத்தியால் தொட்டுப் பாருங்கள். நல்லதாக இருந்தால் அமுங்கி எழும். மக்கியிருந்தால் தார் மாதிரி கறுப்பாக ஒட்டிக்கொண்டு வரும், அல்லது பொடியாக உதிரும். மாற்றுவது எளிது, சுத்தம் செய்வதற்குத்தான் பொறுமை வேண்டும். ஷட்டர் திரைமேல் ஒரு துண்டுக் காகிதத்தை மெதுவாகச் சாய்த்து வையுங்கள், டேப் எதுவும் திரையில் படக்கூடாது. கேமராவைச் சாய்த்துப் பிடித்தால் உதிர்வது வெளியே விழும். மரக்குச்சியால் பள்ளத்தைச் சுரண்டி, ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் பிசினை எடுங்கள். குச்சி கறுப்பாகிக்கொண்டே வரும், அடுத்ததை எடுங்கள். இரும்பு முனை எதுவும் வேண்டாம். பள்ளம் உலோகமாகத் தெரிந்த பிறகு, ஒட்டும் முதுகுள்ள கறுப்பு நுரைப்பஞ்சை மெல்லிய கீற்றுகளாக வெட்டிப் பதியுங்கள். பசையின்மேல் கொஞ்சம் தண்ணீர் தடவிக்கொண்டால் உடனே பிடிக்காது, பள்ளத்தில் நகர்த்திச் சரிசெய்ய நேரம் கிடைக்கும். மேலும் கீழும் ஓடும் குறுகலான பள்ளங்களுக்குக் கறுப்புக் கம்பளி நூலே போதும், எனக்குப் பஞ்சைவிட அதுதான் பிடிக்கும், மக்கிப் பிசினாகாது. மூடும்போது கதவை அழுத்தித் தள்ள வேண்டியிருந்தால் பஞ்சு தடிமன் கூடிவிட்டது என்று பொருள். மெல்லியதாக மாற்றுங்கள்.

லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் முகம்பார்க்கும் கண்ணாடி, படம் எடுக்கும்போது மேலே போய் மோதும் இடத்திலும் ஒரு கீற்றுப் பஞ்சு இருக்கும். அதுவும் மக்கியிருக்கும். அங்கே கை வைக்கும்போது மட்டும் எச்சரிக்கை: மேலே இருக்கும், காட்சி விழும் ஃபோகசிங் ஸ்க்ரீன் பல கேமராக்களில் பிளாஸ்டிக், ஆல்கஹால் பட்டால் கெடும். கண்ணாடியின் வெள்ளிப்பூச்சு முன்பக்கத்தில் இருப்பதால் துடைத்தால் கீறும். தூசியிருந்தால் காற்றுக் குமிழால் ஊதிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஷட்டருக்கு முதலில் காதைக் கொடுங்கள். ஃபிலிம் இல்லாமல், பின்கதவைத் திறந்து வைத்து, ஒரு நொடி வேகத்தில் அடியுங்கள். உள்ளே சின்னப் பல்சக்கரங்கள் கிர்ரென்று ஒரே சீராக ஓடி முடிய வேண்டும். நடுவில் தயங்கினாலோ நின்றாலோ, மெதுவான வேகங்களைக் கட்டுப்படுத்தும் அந்தச் சக்கரங்களில் கிரீஸ் இறுகிவிட்டது. 1/60, 1/125 ஒழுங்காக அடித்து, அதற்குக் கீழே மட்டும் மாட்டினால் சந்தேகமே வேண்டாம். கண்ணால் பார்க்க வேண்டுமா, போனில் ஸ்லோமோஷன் வையுங்கள். வெளிச்சமான ஜன்னலைப் பார்த்துக் கேமராவைப் பிடித்துப் பின்னாலிருந்து எடுத்தால், நொடிக்கு 240 ஃபிரேமில் 1/30 வேகம் எட்டு ஃபிரேம், 1/60 நான்கு ஃபிரேம் திறந்திருக்க வேண்டும். அதற்கு மேலான வேகங்களுக்கு இந்தக் கணக்கு உதவாது.

மருந்து? மெதுவான வேகங்களில் திரும்பத் திரும்ப அடித்துப் பாருங்கள். நாளுக்கு நாள் தேறினால் அதையே தொடரலாம், பலருக்கு அதிலேயே சரியாகிறது. தேறவில்லை என்றால் பல்சக்கரத் தொகுதியைக் கழுவ வேண்டும். சில மாடல்களில் அடிமூடியை எடுத்தாலே அது தெரியும், சிலவற்றில் கண்ணாடிப் பெட்டியையே வெளியே எடுக்க வேண்டும். உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள், பின்னது என்றால் மெக்கானிக்கிடம் கொடுப்பதே மேல். எதுவானாலும் டபிள்யூடி-40 மாதிரி ஸ்பிரே எண்ணெயைப் பீய்ச்ச வேண்டாம். அது ஊர்ந்து திரைவரை போய்ப் பிசுபிசுப்பை விட்டுவிடும். 1/1000 போன்ற வேகத்தில் படத்தின் ஒரு பக்கம் மட்டும் இருட்டானால் இரண்டு திரைகளின் இழுவிசை ஒத்துப்போகவில்லை. அதை உத்தேசமாகத் திருகக் கூடாது, அளக்கக் கருவி இருப்பவரிடம் விடுங்கள்.

திறந்தே ஆக வேண்டும் என்றால், ஜப்பான் கேமராக்களின் நட்சத்திரத் தலைத் திருகுகளுக்கு ஜேஐஎஸ் (ஜப்பான் தர அளவு) ஸ்க்ரூ டிரைவர் வாங்குங்கள். சாதாரண பிலிப்ஸ் முனை வழுக்கித் தலையைத் தின்றுவிடும். கழற்றும் ஒவ்வொரு படியையும் போனில் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளேயே ஃபிளாஷ் உள்ள கேமராவாக இருந்தால் திறக்கவே வேண்டாம். அந்தக் கப்பாசிட்டரில் சுமார் 300 வோல்ட் நிற்கும், பேட்டரியை எடுத்த பிறகும்.

எல்லாம் முடிந்ததும் ஒரு சோதனை ரோல் போடுங்கள். எந்தப் படத்துக்கு என்ன வேகம், என்ன அப்பெர்ச்சர் என்று எழுதி வைத்துக்கொண்டு, நடுவில் கேமராவைச் சில நிமிடம் வெயிலில் வைத்து, பின்கதவைச் சூரியனுக்குக் காட்டுங்கள். பட்டை போய், படங்கள் எல்லாம் ஒரே அளவில் ஒரு ஸ்டாப் (அதாவது பாதி வெளிச்சம்) இருட்டாக வந்தால் மீட்டரைப் பிரிக்க வேண்டியதில்லை. 400 ஐஎஸ்ஓ ஃபிலிமைப் போட்டுவிட்டு, ஃபிலிம் வேக டயலை 200இல் வைத்து எடுங்கள்.