ஆபீஸ் பெயிண்ட், ஃபால்ஸ் சீலிங் செலவை வருமான வரிக் கணக்குல காட்டுறது பத்தி

வணக்கம் சார், 3 வருஷமா இருக்கிற வாடகை ஆபீஸுக்கு டிசம்பர்ல பெயிண்ட் 38,000, ஃபால்ஸ் சீலிங்கும் மரப் பார்ட்டிஷனும் 1,40,000 ஆச்சு, மொத்தத்தையும் இந்த வருஷமே செலவா எழுதலாமான்னு கேட்டிருக்கீங்க. முடியாது சார், ரெண்டையும் பிரிச்சே ஆகணும்.

உதிர்ந்த சுவருக்குத் திரும்பப் பெயிண்ட் அடிச்சது ரிப்பேர், அது முழுசும் இந்த வருஷமே கழியும், ஆனா ரிப்பேர் செலவு உங்க பொறுப்புன்னு வாடகை அக்ரிமென்ட்ல இருக்கணும், முதல்ல அதை எடுத்துப் பாருங்க. சீலிங், பார்ட்டிஷன் எல்லாம் புதுசா வந்த சொத்து, ஃபர்னிச்சர் ஃபிட்டிங்ஸ்ல சேரும், வருஷத்துக்கு 10% தேய்மானம்னு கொஞ்சம் கொஞ்சமாத்தான் கழிக்க முடியும். அதுலயும் மார்ச்சுக்குள்ள பயன்படுத்தி 180 நாள் ஆகலங்கறதால முதல் வருஷம் பாதி, அதாவது 7,000, அடுத்த வருஷம் மிச்சம் 1,33,000ல 13,300, இப்படியே போகும்.

பணம் எப்படிக் குடுத்தீங்கன்னு நீங்க எழுதவே இல்ல, எனக்கு அதுதான் கவலையா இருக்கு. ஒரே ஆளுக்கு ஒரே நாள்ல 10,000க்கு மேல கேஷா போனா செலவும் ஏறாது, தேய்மானமும் கிடைக்காது. நான் கார்பென்டருக்கு 45,000 கையில எண்ணிக் குடுத்துட்டு நோட்டுலேர்ந்து கிழிச்ச தாள்ல கையெழுத்து வாங்கி வச்சிருந்தேன், ஆடிட்டர் பாத்துட்டு அப்படியே தள்ளி வச்சிட்டார்.

இன்னொண்ணு, நீங்க 1961 வருமான வரிச் சட்டத்தோட 44ஏடி பிரிவு மாதிரி டர்ன்ஓவர்ல இவ்வளவு சதவீதம்னு லாபம் காட்டுறவரா இருந்தா இது எதையும் தனியா கழிக்க முடியாது சார். பெயின்டர் கிட்ட தனி பில் இப்பவே கேட்டு வாங்கிடுங்க.