இயற்கைக்குக் கேடில்லாமல் வாழ அன்றாடம் என்ன செய்யலாம்? முதலில் எதை வாங்குவது?

கேள்வியின் இரண்டாம் பாதிக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். எதையும் வாங்காதீர்கள். மூங்கில் பிரஷ், துணிப்பை, கண்ணாடி ஜாடி என்று ஒரு பட்டியல் ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கும் என்று நினைக்கிறேன். அதை ஓரமாக வையுங்கள். டென்மார்க்கின் சுற்றுச்சூழல் முகமை 2018-ல் வெளியிட்ட கணக்குப்படி, காலநிலைப் பாதிப்பில் மட்டும் கடையில் தரும் ஒரு பிளாஸ்டிக் பைக்கு ஈடாக வேண்டுமென்றாலே, புதிதாகச் செய்த பருத்திப் பையை 50 தடவைக்கு மேல் பயன்படுத்த வேண்டும். வீட்டில் சும்மா கிடக்கும் பழைய பையே போதும்.

என்னைக் கேட்டால், கெட்டுப்போன பொருளைத் தூக்கிப் போடுமுன் ஒரு தடவை திறந்து பார்ப்பதுதான் முதல் பழக்கம். எங்கள் வீட்டு வாஷிங் மெஷின் ஒரு நாள் பாதியில் நின்றுவிட்டது. உள்ளே தண்ணீர் தேங்கிக் கதவும் திறக்கவில்லை. பார்க்க வந்தவர் ஒரு திருகாணியைக்கூடக் கழற்றவில்லை. "போர்டு போயிருக்கும்மா, பழைய மாடல், இதுக்குச் செலவு பண்றதுக்குப் புதுசே வாங்கிடலாம்" என்றார். வந்ததற்கான கட்டணத்தை மட்டும் வாங்கிக்கொண்டார்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. கையேட்டைத் தேடி எடுத்துப் படித்தேன். முன்பக்கம் கீழ் மூலையில் ஒரு சின்ன மூடி, அதற்குள் வடிகட்டி. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கீழே தட்டும் பழைய துண்டும் வைத்து மெதுவாகத் திருகினேன். தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. தட்டை எத்தனையோ முறை கொட்டிவிட்டு வந்தேன். வடிகட்டியை உருவினால் தலைமுடியும் நூலும் பஞ்சும் உருண்டு திரண்டு, நடுவில் ஒரு ஹேர்பின், ஒரு சட்டைப் பொத்தான். உள்ளே கைவிட்டு பம்ப்பின் சக்கரத்தில் சுற்றியிருந்த நூலையும் இழுத்தெடுத்தேன். விரலால் தள்ளியதும் சக்கரம் சுழன்றது. அவ்வளவுதான் பழுது. இன்றைக்கும் அதில்தான் துவைக்கிறோம்.

எல்லாராலும் எல்லாவற்றையும் சரிசெய்ய முடியுமா என்று சிலர் சண்டைக்கு வருவீர்கள். முடியாது. மைக்ரோவேவ் அடுப்பையெல்லாம் நீங்களாகத் திறக்கவே கூடாது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டரில், அதாவது மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் பாகத்தில், ஆளைக் கொல்லும் மின்சாரம் தங்கியிருக்கலாம். பழைய பொருள் கரண்டை இழுக்குமே என்றும் கேட்பீர்கள். குண்டு பல்பு விஷயத்தில் அது சரி, 60 வாட் பல்பின் வெளிச்சத்தை 9 வாட் எல்இடி தந்துவிடும். ஃபோன் கதை வேறு. ஸ்மார்ட்ஃபோனால் வரும் கரியமில வாயுவில் பெரும்பங்கு தயாரிப்பின்போதே வெளியேறிவிடுகிறது. பேட்டரியை மாற்றிக்கொண்டு அதே ஃபோனை இன்னும் சில வருஷம் ஓட்டுவதுதான் லாபம். ஆனால் அந்த பேட்டரியைப் பசை போட்டு ஒட்டி வைத்திருக்கிறார்களே, அதற்கு யார் பதில் சொல்வது? 2022-ல் மட்டும் உலகத்தில் சேர்ந்த மின்னணுக் குப்பை 6.2 கோடி டன் என்கிறது ஐ.நா. அறிக்கை. முறையாக மறுசுழற்சிக்குப் போனது அதில் கால்பங்குகூட இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் வாஷிங் மெஷினின் முக்கிய உதிரி பாகங்களைக் குறைந்தது 10 வருஷம் தந்தாக வேண்டும் என்று 2021 முதல் விதி இருக்கிறது. எல்லா நாட்டிலும் மக்கள் இதைக் கேட்டு வாங்க வேண்டும்.

மற்ற பழக்கங்கள் உங்களுக்கே தெரிந்திருக்கும். மெஷின் நிறையத் துணி சேர்ந்த பிறகு துவையுங்கள், சூடு வேண்டாம், தண்ணீரைச் சூடாக்கத்தான் அதிக மின்சாரம் போகிறது. மிச்சமான சாப்பாட்டை ஃபிரிட்ஜில் கண்ணுக்குத் தெரிகிற தட்டில் வையுங்கள், பின்னால் தள்ளினால் மறந்துபோகும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் இதைச் சொல்லாமல் விட மனசில்லை. டிஷ்யூவுக்குப் பதில் துணி, பாக்கெட்டுக்குப் பதில் டப்பா என்று வீட்டில் எல்லாரும் சேர்ந்துதான் முடிவெடுக்கிறார்கள். அந்தத் துணியைத் துவைப்பதும், டப்பாவைக் கழுவிக் காயவைப்பதும், குப்பையைப் பிரிப்பதும் கடைசியில் ஒருவர் தலையில் விடிகிறது. பெரும்பாலும் அது வீட்டுப் பெண்தான். அவள் அலுத்துப்போய் விட்டுவிட்டால் "உனக்கு அக்கறை இல்லை" என்ற பேச்சு வேறு. நீங்கள் ஆரம்பிப்பதாக இருந்தால், எந்த வேலை யாருடையது என்று வீட்டில் பேசி முடித்துவிட்டு ஆரம்பியுங்கள்.