ஜித்தாவில் ஒரு மாலை

மக்காவில் உம்ரா என்னும் புனிதப் பயணம் முடிந்து பினாங்கு திரும்புமுன், சவூதியின் கடற்கரை நகரமான ஜித்தாவில் கிடைக்கும் ஒரே மாலையில், முழங்கால் வலியுள்ள வாப்பாவை எங்கே அழைத்துப்போவது என்று கேட்டிருந்தீர்கள். நாலு இடம் அலையாதீர்கள் சகோதரரே, அல்ஹம்ரா கடற்கரை ஒன்றே போதும். பிற்பகல் அசர் தொழுதுவிட்டு, வெயில் தணிந்ததும் டாக்சி பிடியுங்கள்.

அங்கே ஹென்றி மூர், ஹுவான் மீரோ, அலெக்சாண்டர் கால்டர் ஆகிய புகழ்பெற்ற நவீன கலைஞர்களின் சிற்பங்கள் கடலோரத்தில் திறந்தவெளியில் நிற்கின்றன. பலவும் இன்னதென்று சொல்ல முடியாத வடிவங்கள். "இது என்னப்பா?" என்று வாப்பா கேட்பார், விளக்கம் தேடித் திணறாதீர்கள், மூரின் சிற்பத்தை மட்டும் மெதுவாகச் சுற்றிக் காட்டுங்கள். ஒவ்வொரு பக்கமும் வேறு உருவம்.

அந்தி நேர மஃரிப் தொழுகைக்குப் பிறகு மன்னர் ஃபஹத் நீரூற்று. 1985 முதல் இயங்குகிறது. 260 மீட்டர் உயரம், நம் பினாங்கின் கொம்தார் கோபுரத்தையே மிஞ்சும்! பாலைவன நாட்டில் குடிநீரை வீணாக்குகிறார்களே என்று பதற வேண்டாம். அது செங்கடலின் உப்புநீர். காற்றடிக்கும் பக்கம் நின்றால் மூக்குக்கண்ணாடியில் உப்புப் படியும். கிட்டே போகத் தேவையே இல்லை, தள்ளி உட்கார்ந்தால்தான் முழுதாகத் தெரியும்.

ஜித்தாவில் ஒரு ராட்சத சைக்கிள் சிலையும் உண்டு, அது வேறு இடத்தில் ஒரு ரவுண்டானாவில் இருக்கிறது. அதற்காக வாப்பாவை இறக்காதீர்கள், டாக்சி ஜன்னல் போதும்.